சி மொழியில் பிழையைப் பிடித்த கதை

பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் மொழி ஆராய்ச்சி எதுக்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நம்ம ஊர் பனியன் தொழிலுக்கும் இதற்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது, அதனால்தான்!

திருப்பூரில் ஆர்டர் எடுப்பவர் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஒருவருக்கு ஜாப் ஒர்க் கொடுப்பார்; அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். கடைசியில் இருக்கும் சாயப்பட்டறையில் கலர் மாறிவிட்டால்? ஒவ்வொருவரும் தனக்கு வேலை கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் "பாத்துக்கலாம்" என்று விட்டால் போதும், கோளாறு துணி அப்படியே பெட்டிக்குள் போய்விடும்.

1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியும் இப்படித்தான். ஒரு ஃபங்ஷன் தோற்றால் -1 போல ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அதைப் பார்ப்பதும் பார்க்காததும் கூப்பிட்டவர் இஷ்டம்.

இத்தனைக்கும் வேறு வழி முன்பே இருந்தது. ஐபிஎம்மின் பிஎல்/ஐ மொழி 1960களிலேயே "இந்தப் பிழை வந்தால் இதைச் செய்" என்று எழுத விட்டது. 1975-ல் ஜான் குட்இனஃப் 'எக்ஸெப்ஷன்' முறையை அலசி ஒரு கட்டுரை எழுதினார். எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவின் க்ளூ மொழியிலும், பிறகு அடா மொழியிலும் அது இடம்பிடித்தது.

சி-யில் மட்டும் வரவில்லை. ஆனால் 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இரண்டு கருவிகள் இருந்தன. 'செட்ஜம்ப்' ஓரிடத்தில் அடையாளம் வைக்கும். 'லாங்ஜம்ப்' எத்தனை ஆழத்தில் இருந்தாலும் நேராக அந்த இடத்துக்குத் தாவும். இவற்றை மேக்ரோவில் பொதிந்து, 1989-ல் டெக் நிறுவன ஆய்வகத்தில் எரிக் ராபர்ட்ஸும், 1996-ல் தன் புத்தகத்தில் டேவிட் ஹான்சனும் சி-க்கு எக்ஸெப்ஷன் வசதி செய்து காட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல். சாயப்பட்டறைக்காரர் ஆர்டர்காரருக்கே நேராக போன் போட்டுவிட்டார், சரி. நடுவில் இருப்பவர்? ஆள் வைத்து, மெஷின் ஒதுக்கிக் காத்துக்கொண்டே இருப்பார். லாங்ஜம்ப்பும் அப்படித்தான். நடுவிலுள்ள ஃபங்ஷன்கள் திறந்த ஃபைலை மூடாது, வாங்கிய மெமரியைத் திருப்பித் தராது. சி++ மொழி இதைச் சரிசெய்தது: திரும்பும் வழியில் ஒவ்வொரு படியிலும் டிஸ்ட்ரக்டர் ஓடி, கணக்கை முடித்துவிட்டுப் போகும்.

எக்ஸெப்ஷன் இருந்தாலே பாதுகாப்பா? அதுவும் இல்லை. 1996 ஜூன் 4, ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். அடா மொழி நிரலில் 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் எக்ஸெப்ஷன் எழுந்தது. அதைப் பிடிக்க அங்கே யாருமில்லை. கோளாறு என்றால் கருவி பழுது என்றே எண்ணி வடிவமைத்திருந்ததால் வழிகாட்டும் கம்ப்யூட்டர் தன்னையே நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கம்ப்யூட்டரும் அதே நிரல், அதே முடிவு! சுமார் 40 விநாடியில் ராக்கெட்டும் நான்கு க்ளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின.

இன்றும் போஸ்ட்கிரெஸ், லுவா போன்றவை சி-யில் லாங்ஜம்ப்பை வைத்தே பிழையைப் பிடிக்கின்றன. 2015-ல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழியோ பழையபடி திருப்பித் தரும் முறைக்கே போனது. ஆனால் அதைப் பார்க்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். சலானில் கையெழுத்துப் போடாமல் சரக்கு நகராது என்கிற மாதிரி!

ஆக, தகவல் வேகமாகப் போனால் மட்டும் போதாது. வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். என்ன செய்வது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி நடத்தப்போகும் காமர்ஸ் மாணவர்களுக்கும் இது பொருந்தும், என்ன சொல்றீங்க?