தாய்மாரின் மௌனமும் மகள்மாரின் காயமும்: இத்தாலியக் கறுப்பினப் பெண் எழுத்து

இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லாரோ சந்தையை அண்டிய தெருக்களில் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. தாய்மார் விட்டுவந்த நாட்டில் நடந்தவற்றை, இத்தாலிய மொழியில் படித்து வளரும் மகள்மார் பெரும்பாலும் அரைகுறையாகவே அறிவர்.

பலெர்மோவுக்கு மட்டும் உரியதல்லாத இந்த இடைவெளியைப் புனைகதையாக்கியவர்களுள் முக்கியமானவர், சோமாலியப் பெற்றோருக்கு 1974-ல் ரோமில் பிறந்த இஜாபா ஷேகோ.

2008-ல் வெளியான அவரது 'பாபிலோனுக்கு அப்பால்' நாவலில், ஸுஹ்ரா, மார் ஆகிய இருவர் அரபு மொழி கற்க, பலெர்மோவுக்கு எதிர்க்கரையிலுள்ள துனிஸ் செல்கின்றனர். தங்கள் தந்தை ஒருவரே என்பதை அவர்கள் அறியார். அத்தந்தையின் பெற்றோர் பாசிசக் காலத்தில் படையினரின் வன்புணர்வுக்கு ஆளானவர்கள். மாரின் தாய் மிராண்டா, இராணுவ ஆட்சியில் சகோதரனைப் பறிகொடுத்த ஆர்ஜென்டினக் கவிஞர்.

ஸுஹ்ரா சிறுவயதில், தாயைப் பிரிந்து விடுதியில் இருந்தபோது பாலியல் வன்முறைக்கு உள்ளானவள். சோமாலியாவிலிருந்து வந்த தாய் மரியம், மகளிடம் நேரில் சொல்ல இயலாத தன் வாழ்க்கையை ஒலிநாடாவில் பதிவு செய்கிறார். கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி ஊருக்கு அனுப்பிய புலம்பெயர் தமிழர்களுக்கு இக்காட்சி அந்நியமாக இராது.

அமெரிக்காவின் டோனி மோரிசன் 1987-ல் எழுதிய 'பிலவட்' நாவலில், அடிமைத்தளையிலிருந்து காக்கவே தாய் மகளைக் கொல்கிறாள். ஷேகோவின் தாய்மார் காக்க நினைத்து மௌனம் காக்கின்றனர். அந்த மௌனமே மகள்மாரைத் தனிமைப்படுத்துகிறது. ஆயினும் ஷேகோ தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. நாவலின் வலிமை அதிலேயே உள்ளது எனலாம்.