வீட்டுக்கு ஒரு துப்பாக்கி

சித்திரை மாதக் கடைசியில் வீரபாண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அப்போது அங்கே ஊர் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. கௌமாரியம்மன் கோவிலும், முல்லையாற்றுத் தண்ணீரும், அக்கினிச் சட்டி ஏந்தி வருகிற கூட்டமும்தான் ஊர். தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் இரவு எது, பகல் எது என்று சொல்ல முடியாது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஓர் இரவில், பூட்டிய வீடு ஒன்றின் பூட்டு உடைந்தது. என் நண்பருக்கு அடுத்த வீடு. அந்த வீட்டில் போனவை இரண்டு வெண்கலப் பானைகளும் நாலைந்து பட்டுச் சேலைகளும். என் நண்பருக்குப் போனது தூக்கம். விருந்தாளியாக வந்திருந்த என்னிடம் மறுநாள் காலையில் காப்பியோடு ஒரு கேள்வியையும் நீட்டினார்.

"உங்கள் நாவல்களில் எத்தனையோ பேரைச் சுட்டிருக்கிறீர்களே, சொல்லுங்கள். வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது? ரிவால்வரா, ரைபிளா?"

என் நாவல்களில் துப்பாக்கி வெடிப்பதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. குறி தப்புவதும் என் சௌகரியப்படிதான். ஆனாலும் கேட்டவர் நண்பர். அதனால் கொஞ்சம் பழைய ஏடுகளைப் புரட்டினேன். புரட்டிய பிறகு தெரிந்தது, இந்தத் தேர்ந்தெடுக்கிற வேலையை நமக்காக வேறொருவர் செய்து முடித்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்று.

இந்தப் பள்ளத்தாக்கு பாளையக்காரர்களின் பூமி. போடி, தேவாரம், கோம்பை, கண்டமனூர் என்று கூப்பிடு தூரத்துக்கு ஒரு பாளையம். அந்தக் காலத்தில் தென்சீமைக் குடியானவன் வீட்டில் வேலோ, வளரியோ, திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கியோ இருப்பது அதிசயமல்ல. சின்ன மருது தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்ததை, பிற்பாடு அவரையே வேட்டையாடின படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரத் தளபதி 1830-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். சிஷ்யன் என்றால் அப்படி!

1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு பானர்மேன், ஆயுதங்களை எல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று பாளையங்களில் தண்டோராப் போட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களின் கதை முடிந்தது. டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமை முழுவதற்கும் அதே கட்டளையைப் பிறப்பித்தார். கோட்டைகள் இடிந்தன. ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று.

ஆயுதம் போயிற்று, திருடன் போகவில்லையே! அந்த இடத்தை நிரப்பியது காவல் முறை. ஊர் ஊருக்கு ஒரு காவல்காரர். அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு. மாடு களவு போனால் அவர் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். மதுரைச் சீமையில் பெரும்பாலும் பிறமலைக் கள்ளர்கள் இந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார்கள். காவலுக்குக் கூலி, களவு போனதைத் துப்புச் சொல்லி மீட்டுத் தரத் துப்புக்கூலி. இதில் முறைகேடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1896-ல் திண்டுக்கல் பக்கத்தில் ஊரார் ஒன்று கூடி, பொதுப் பண்டு சேர்த்து, காவலையே ஒழித்துக்கட்டக் கிளம்பினார்கள். அதில் வீடுகள் எரிந்தன. அதற்குப் பிறகு சர்க்கார் செய்ததுதான் பெரிய அநியாயம். நேற்றுவரை ஊரைக் காத்தவர்களைக் குற்றப் பரம்பரை என்று எழுதி, கைரேகை கேட்டது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப்புறம், பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மறுத்து நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அன்று துப்பாக்கி யார் கையில் இருந்தது, வேல்கம்பும் கல்லும் யார் கையில் இருந்தன என்பதை நினைக்கும்போது 1801-ஆம் வருஷத்துக் கட்டளையின் முழு அர்த்தம் எனக்கு விளங்குகிறது.

இதற்கு நடுவே 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு வேண்டாம். சென்னையில் 1887-ல் கூடிய காங்கிரஸ் மகாசபை இதைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது.  நம்முடைய சர்க்காரின் சட்டம் 1959-ல் பிறந்து 1962-ல் அமலுக்கு வந்தது.

என் நண்பரின் கேள்விக்கு அந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. தற்காப்புக்கு என்று ஒருவன் கேட்டால், குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ள, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு என்றால் வாய்வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. இவை இரண்டையும் ஒரு தனிப் பிரிவில் வைத்து, போலீஸ் விசாரணையில் குறை இல்லாவிட்டால் லைசென்ஸ் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. ரிவால்வர் கேட்டால் தக்க காரணம் காட்டி அதிகாரியைத் திருப்தி செய்ய வேண்டும். அதிலும் பட்டாளத்தார் பயன்படுத்துகிற அளவு குடிமகனுக்கு ஆகாது. பட்டாளத்துத் தோட்டா களவு போனாலும் ஊரார் துப்பாக்கியில் நுழையக்கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்து முன்யோசனை அது. அதனால்தான் அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு .303, நமக்கு .315 என்று ஆயிற்று. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கிடையாது.

பன்னிரண்டு போர் என்கிறார்களே, அது என்ன கணக்கு? ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக அடங்கும். அதன் தோட்டாவுக்குள் குருவிக்கென்று கடுகு மாதிரி ரவையும் உண்டு, எல்.ஜி. என்ற, விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய குண்டுகளும் உண்டு. புனாவுக்குப் பக்கத்துக் கிர்க்கித் தொழிற்சாலையின் 'சக்திமான்' தோட்டாக்கள் பிரசித்தம். ரைபிள் குண்டோ சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்காரரையும் விசாரித்துவிட்டு வரும். வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கிற நம் தெருக்களுக்கு அது லாயக்கில்லை.

தோட்டாவுக்கும் மூப்பு உண்டு. 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். மேஜை டிராயரில் வருஷக் கணக்காக உருண்டு உரசிக் கிடந்ததால் தோட்டாவில் குண்டின் பிடிப்புத் தளர்ந்து, வெடித்த வேகம் குறைந்துவிட்டது என்று தடய அறிவியல் நிபுணர்கள் பிற்பாடு விளக்கினார்கள். பழைய தோட்டா ஓர் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் தற்காப்புக்கென்று துப்பாக்கி வாங்கியவன் வீட்டிலும் அது அப்படித்தான் டிராயரில் கிடக்கும்!

இத்தனையும் சொன்னேன். நண்பர் திருப்தியடையவில்லை. "ராத்திரி வீடு புகுந்தவனைச் சுடச் சட்டம் இடம் தருகிறதல்லவா?" என்றார். தருகிறதுதான். பழைய தண்டனைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு தந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவும் தருகிறது. அவசியத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டோடு.

அதுவரை திண்ணையில் பேசாமல் இருந்த அவருடைய பெரியப்பா எழுந்து உள்ளே போனார். துணியில் சுற்றிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். எண்ணெய் வாசனை வந்தது.

"இது எங்க அப்பா காலத்துது தம்பி. ஒரே ஒரு ராத்திரி இதைத் தோட்டா போட்டு எடுத்தேன். இதே திருவிழாதான். கொல்லைப்பக்கம் சுவரேறிக் குதிக்கிற சத்தம். இருட்டு. யாருன்னு கேட்டேன், பதில் இல்லை. விசையிலே விரலை வச்சுட்டேன். அந்நேரம் நாய் வாலை ஆட்டிக்கிட்டுப் போய் அவன் காலை நக்குச்சு."

"யார் அது?"

"எம் மகன். திருவிழாவுலே சிநேகிதக்காரனுகளோட குடிச்சிட்டு, எனக்குப் பயந்து வாயைத் திறக்காமே வந்திருக்கான். கதவைத் தட்டினா நான் முழிச்சுக்குவேன்னு சுவரேறியிருக்கான்."

துப்பாக்கியைத் திரும்பச் சுற்றினார். அன்றையிலிருந்து துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா இன்னொரு பெட்டியில், சாவி பெரியம்மா இடுப்பில். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறார். தேர்தல் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் போய் எடுத்துவருவாராம். அவசரம் என்ன இருக்கிறது?

அந்த நாய் என்ன ஜாதி என்று கேட்டேன். கோம்பை. வீரபாண்டியிலிருந்து தெற்கே, மலையடிவாரத்துக் கோம்பை. செம்பழுப்பு உடம்பும் கறுத்த முகமுமான இந்த நாய்க்கு லைசென்ஸ் கேட்கும் சட்டத்தை எந்தப் பிரபுவும் எழுதவில்லை.

போன வாரம் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. துப்பாக்கிக்கு மனுப் போட்டிருக்கிறாராம், விசாரணை நடக்கிறதாம். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு கோம்பைக் குட்டி வாங்கியிருக்கிறார். முதல் நாளே விசாரணைக்கு வந்த போலீஸ்காரரைத் திண்ணையோடு நிறுத்திவிட்டதாம்.