மயில்கொன்றையின் விதை

1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான சூரினாம் பூச்சிகள் பற்றிய நூலில் 60 செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் உண்டு. அவற்றில் 45ஆம் படத்தில் இருப்பது நமக்குப் பழகிய செடி, மயில்கொன்றை. நம் ஊரில் பள்ளிக்கூட வேலியோரமும் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் பூத்து நிற்கும் அதே சிவப்பும் மஞ்சளும். தண்டில் ஒரு பச்சைப் புழு, அருகே அந்துப்பூச்சி. வரைந்தவர் மரியா சிபில்லா மேரியன்.

மேரியனின் கதையைப் பெண்ணியவாதிகளாகிய நாம் பெருமையோடுதான் சொல்லி வருகிறோம். பெருமைப்படக் காரணமும் இருக்கிறது. 1647இல் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து அதன் உருமாற்றத்தைக் கவனித்தவர். கணவரைப் பிரிந்தபின் தன் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, 1699இல், 52 வயதில், இளைய மகளோடு கப்பலேறினார். சூரினாம் அன்று டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டம். சர்க்கரையை விட்டுவிட்டுப் புழுவைத் தேடுகிறாளே என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கேலி செய்தார்கள். இரண்டே ஆண்டில் காய்ச்சல் அவரைத் திருப்பி அனுப்பியது.

அச்சு நுட்பத்திலும் அவர் கெட்டிக்காரர். தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். மை காயாத அந்த அச்சின்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தினால் படம் மறுபடி நேராகும், கோடுகளும் மென்மையாகும். அதன்மேல் நீர்வண்ணம் தீட்டினால் கையால் வரைந்தது போலவே தோன்றும். அப்படிச் செய்த பிரதிகளையும் மேரியன் விற்றார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது படமல்ல, அதற்கு அவர் எழுதிய குறிப்பு. டச்சு எசமானர்கள் கொடுமைப்படுத்துவதால், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாதென்று தொல்குடிப் பெண்கள் இந்த விதையைக் கொண்டு கருவைக் கலைக்கிறார்கள் என்கிறார். கினியாவிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட கறுப்பினப் பெண்களும் பிள்ளை பெற மறுக்கிறார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள், செத்தால் சொந்த மண்ணில் விடுதலையோடு மறுபடி பிறப்போம் என்ற நம்பிக்கையில். இதையெல்லாம் அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்.

தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். அவள் வயிற்றில் வளர்வது தோட்ட முதலாளியின் நாளைய சொத்து. அந்த நிலையில் ஒரு விதையை விழுங்குவது வெறும் நாட்டு வைத்தியமா என்ன? அது வேலைநிறுத்தம். வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் இதையொட்டி இன்னொன்றைக் காட்டுகிறார்: செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது, அதன் இந்தப் பயன் மட்டும் அங்கே மருத்துவ அறிவாக ஏற்கப்படவில்லை. அழகுச் செடியாகவே அது உலகம் சுற்றியது. நம் நடுத்திட்டுக்கு வந்ததும் அப்படித்தான்.

மேரியனைத் தனி ஒருத்தியின் சாதனையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கும் அங்கே அடிமைகள் இருந்தார்கள். காட்டுக்குள் புதரை வெட்டி வழிசெய்யத் தன் அடிமைகளை முன்னே அனுப்பியதை, எந்த உறுத்தலும் இல்லாமல், அவரே எழுதுகிறார். கொடுமையைப் பதிவு செய்த அதே கை, அதே நூல்.

அச்சுப்படத்தின் அடியில் பெயர் போட இடமில்லாமலும் இல்லை. தகட்டைச் செதுக்கியவர் ஓரத்தில் தன் பெயரைப் பொறிப்பது அன்றைய வழக்கம். பெரும்பாலான தகடுகளைச் செதுக்கிய யோசெப் முல்டரும் பீட்டர் ஸ்லைட்டரும் அப்படித்தான் இன்றும் நினைவில் இருக்கிறார்கள். விதையின் பயனைச் சொன்ன பெண்களில் ஒருவருக்குக்கூட அந்த ஓரம் கிடைக்கவில்லை.

1701இல் மேரியன் திரும்பியபோது தொல்குடிப் பெண் ஒருவரையும் ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்துப்போனார். கப்பலின் பயணிகள் பட்டியலில் அவர் மேரியனுடைய 'இந்தியப் பெண்', அவ்வளவுதான். நூல் எழுதப்பட்ட ஊரில், எழுதியவருக்குப் பக்கத்தில், அந்தச் செடிகளின் பெயரும் பயனும் தெரிந்த ஒருத்தி இருந்திருக்கிறாள். 60 படங்களையும் புரட்டும்போது, எந்தெந்த வரி அவள் வாயிலிருந்து வந்தது என்றுதான் தேடுகிறேன்.