தண்ணி வருதா?

எங்கள் குமரிக் கரையில் எஞ்சின் வருவதற்கு முன்பு, கடலுக்குப் போவதும் கரை திரும்புவதும் காற்றைப் பொறுத்தே நடந்தன. வாடையும் கச்சானும் கொண்டலும் தெரிந்தவன்தான் தொழில்காரன். அந்தக் காலம் மாறியதை எழுதுகிறவர்கள் குதிரைத்திறனையும் மீன்பாட்டையும் எழுதுகிறார்கள். படகு எஞ்சின் பட்டறையிலேயே வயதாகிவிட்ட எனக்கு அந்தக் கணக்கு பாதிக் கணக்காகவே படுகிறது. எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்தது பணம். அதைக் கரையில் நிலைக்க வைத்தது பராமரிப்பு.

படகின் பின்புறம் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினை அமெரிக்காவில் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்து பரவச் செய்தவர் ஓலே எவின்ரூட். அவர் பிறந்தது நார்வேயில். நம் பக்கத்துக் கடலுக்கு எஞ்சின் படகுகளைத் திட்டம் போட்டுக் கொண்டுவந்ததும் நார்வேதான். 1952-ல் நார்வேயும் இந்தியாவும் ஐ.நா.வும் ஒப்பந்தம் செய்ய, கொல்லத்தை அடுத்த நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் வேலை தொடங்கியது. இருக்கிற வள்ளங்களிலேயே எஞ்சினைப் பூட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். எஞ்சினின் எடையும் அதிர்வும் அந்த வள்ளங்களுக்கு ஒத்துவரவில்லை. புதிதாகப் படகு வரைந்து கட்ட வேண்டியதாயிற்று. படகோடு ஐஸ் ஆலையும் பட்டறையும் வந்தன. பின்னர் திட்டம் மண்டபம் வரை நீண்டது. 1972-ல் நார்வேக்காரர்கள் விடைபெற்றார்கள். ஸ்பேனர் பிடிக்கப் பழகிய நம் ஆட்கள் கரையில் இருந்தார்கள்.

எங்கள் பக்கம் மாற்றம் வேறு வழியில் வந்தது. வள்ளம் குடையப் பெரிய மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிப்போன நேரத்தில், முட்டத்தில் பியர் ஜிலே என்பவர் முதலானோர் பிளைவுட் படகு கட்டும் மையம் நடத்தினார்கள். 1980-களில் பிளைவுட் வள்ளமும் ஜப்பான் அவுட்போர்டும் ஊர் ஊராகப் பரவின. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றினால்தான் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. மறுநாள் விடியலில் கயிறு இழுத்துக் கை சலிக்காது.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி, எஞ்சின் கிளம்பியதும் சொல்வது ஒன்றுதான்: "மக்கா, சத்தத்த அப்புறம் கேளு. தண்ணி வருதான்னு பாரு."

பின்புறத் துளையில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது நின்றால் எஞ்சின் வெந்துபோகும். அந்தத் தண்ணீரை ஏற்றுகிற பம்ப், கடலுக்குள் இறங்கி நிற்கும் எஞ்சினின் காலுக்குள், தண்டைச் சுற்றி இருக்கிறது. காலைக் கழற்றி, பம்ப் மூடியின் போல்ட்டுகளை எடுத்தால், உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் இம்பெல்லர். அதைத் தண்டோடு பிணைப்பது ஒரு சின்னக் கீ. இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக மடங்கி நின்றுவிட்டாலோ, நுனி தேய்ந்தாலோ, அடியில் வெடிப்பு கண்டாலோ மாற்றிவிட வேண்டியதுதான். தண்ணீரே அதற்கு எண்ணெய். வறட்டில் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் கருகிவிடும். துறைமுகத்தில் கட்டி நிறுத்தும் படகைவிட எங்கள் ஊர் வள்ளத்தில் இம்பெல்லர் சீக்கிரம் தேயும். அலை உடைகிற இடத்தில் ஓடித்தான் நாங்கள் கரையேறுகிறோம். பம்ப் தண்ணீரோடு மணலையும் இழுக்கிறது.

மணலுக்கு அடுத்த பகை உப்பு. சூடு கூடினால் கடல்நீரின் உப்பு எஞ்சின் வழிகளில் படிந்து அடைக்கும். கடல்நீர் நேராக ஓடுகிற எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவது இதனால்தான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் நிறைத்த டிரம்மில் காலை இறக்கிக் கொஞ்ச நேரம் ஓட்டுவதும் இதற்குத்தான். உப்புநீர் உலோகத்தையும் அரிக்கும்; காலில் திருகியிருக்கும் துத்தநாகக் கட்டி எஞ்சினுக்குப் பதிலாக அரிபடுகிறது. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கக் கண்ட வழி இது. அந்தக் கட்டி தேயாமல் புதிதாகவே இருந்தால் மேஸ்திரி சந்தேகப்படுவார்: ஒன்று அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், இல்லையென்றால் உலோகத்தோடு அதற்குத் தொடர்பு விட்டிருக்கும்.

இவற்றில் பெரும்பகுதியை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆழ்கடலில் எஞ்சின் நின்றுபோய், பாயும் துடுப்பும் இல்லாமல் காற்றுக்கு ஒதுங்கிய வள்ளங்கள் கற்றுக்கொடுத்தது பாதி. ஒரு மேஸ்திரியின் கை அடுத்தவன் கைக்குக் கொடுத்தது மீதி. எஞ்சின் வாங்க மானியம் கிடைக்கிறது. அதைக் கழற்றிப் பூட்டச் சொல்லித்தர ஒவ்வொரு கரையிலும் ஒரு பட்டறை வேண்டும். இம்பெல்லர் மாற்றுகிற வேலையை வள்ளத்தில் போகிற ஒவ்வொரு பையனும் கற்றாக வேண்டும். மீன்பிடி வரலாறு எழுதுகிறவர்களே, படகுகளை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் படகுகளைத் தினமும் கரை சேர்த்த பட்டறைகளுக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். மேஸ்திரிகளில் பலர் இன்னும் இருக்கிறார்கள். இப்போதே போய்க் கேட்டு எழுதிவிட முடியும்.