பேட்டரி மாற்றியதும் கார் சாவிக்கு ஏன் மறதி வருகிறது?

"பேட்டரி புதுசுங்க, இப்பதான் மாத்தினேன். அதுக்கப்புறம்தான் கதவு திறக்கவே மாட்டேங்குது." மயிலாப்பூரோ தி.நகரோ அடையாறோ, சாவிக்கடைக்காரர்களுக்குப் பழகிப்போன புலம்பல் இது. செத்த பேட்டரியை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டால் சாவி இன்னும் நன்றாகத்தானே வேலை செய்ய வேண்டும்? ஏன் தலைகீழாக நடக்கிறது? இதற்குப் பதில் தேடப் போனால் நாற்பது வருடக் கதை ஒன்று வெளியே வருகிறது.

முதலில் ஒரு வித்தியாசம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டின் ரகசியம் முழுக்கச் சாவியின் உலோகத்தில், அதன் பல்வெட்டில் இருக்கிறது. இருபது வருடம் பரணில் கிடந்தாலும் எடுத்துப் போட்டால் திறக்கும். ரிமோட் சாவி அப்படியில்லை. அதன் ரகசியத்தில் பாதி, "இதுவரை எத்தனை முறை அமுக்கியிருக்கிறோம்" என்கிற எண்ணிக்கை. அந்தக் கணக்கைச் சாவியும் காரும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கின்றன. இரண்டும் ஒத்துப் போகவில்லையென்றால் கதவு திறக்காது.

ஆரம்பத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 1982-ல் பிரான்சின் ரெனோ ஃபுவேகோ காரில் ரிமோட் பூட்டு வந்தது. டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்தது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷூட்ஸ். அவர் பெயரை ஒட்டி பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கார் ரிமோட்டை "ப்ளிப்" என்கிறார்கள். பிறகு ரேடியோ அலைக்கு மாறினார்கள். சுவர், தூண் எல்லாம் தாண்டி சிக்னல் போனது. ஆனால் பல ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பின. பக்கத்தில் நின்று அதைப் பதிவு செய்து திருப்பிப் போட்டால் போதும், திருடனுக்கும் கதவு திறந்துவிடும்.

இதற்கு விடை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1980-களில் நானோடெக் என்ற நிறுவனத்தில் கிடியோன் கூன் ஒரு மறையாக்க முறையை வகுத்தார். வில்லெம் ஸ்மிட் அதை சிப்பாக வடிவமைத்தார். பெயர் கீலாக். 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது. பல நிறுவனங்களின் கார்களிலும் கராஜ் கதவுகளிலும் அது போய் உட்கார்ந்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பட்டனை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை ஒன்று ஏறும். அந்த எண்ணை 64 பிட் ரகசியச் சாவியால் மறைத்து அனுப்பும். கார் அதைப் பிரித்துப் பார்க்கும். பழைய எண் என்றால் நிராகரிக்கும். புது எண், ஆனால் கடைசியாகப் பார்த்ததிலிருந்து 16-க்குள் இருந்தால் உடனே திறக்கும். அதற்கும் மேலே, 32,768 வரை தள்ளிப் போயிருந்தால் "எங்கே, இன்னொரு தடவை அமுக்கு" என்று காத்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு எண்கள் வரிசையாக வந்தால் நம்பித் திறக்கும். வீட்டில் குழந்தை ரிமோட்டை வைத்து விளையாடினாலும் மறுநாள் கார் திறப்பது இதனால்தான். "ரெண்டு தடவை அமுக்கிப் பாருங்க" என்ற தெருவோர அறிவுரைக்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

அப்படியானால் பேட்டரி மாற்றினால் என்ன ஆகிறது? கீலாக் மாதிரியான சிப்புகள் எண்ணிக்கையை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் வைக்கின்றன. அதனால் பேட்டரியைக் கழற்றியதும் எல்லாச் சாவிகளும் மறந்துவிடும் என்பது சரியல்ல. சில மாடல்களுக்கு மட்டும் மறுபடி அறிமுகம் தேவைப்படும். இக்னிஷனை ஆன் செய்து, பூட்டும் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிப்பது போல ஒரு சடங்கு. அது மாடலுக்கு மாடல் மாறும், காரின் கையேட்டில் இருக்கும்.

மற்றபடி குற்றவாளி பெரும்பாலும் எளிய பொருள்தான். சிஆர்2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம். சிஆர்2025-ம் அதே விட்டம், அதே 3 வோல்ட். ஆனால் கனம் 2.5 மி.மீ.தான். மாற்றிப் போட்டால் தகடு சரியாகத் தொடாது. குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு வருகிறது. அந்தப் பூச்சே சில கருவிகளில் தொடர்பைக் கெடுக்கும். பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று தகட்டைப் பாசம் பிடிக்க வைப்பதும் உண்டு.

ஒரு சோதனை போதும். இக்னிஷனில் நுழைத்துத் திருப்பும் சாவியா? வண்டி ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். திருட்டுத் தடுப்புக்கான இம்மொபிலைசர் சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில் 1998 அக்டோபரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். ஸ்டார்ட் ஆகி, பட்டன் மட்டும் செத்திருந்தால் கோளாறு பேட்டரித் தொடர்பிலோ எண்ணிக்கையிலோ இருக்கலாம். சில ஆயிரம் கொடுத்துப் புதுச் சாவி வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. பட்டன் ஸ்டார்ட் கார்களிலும் பலவற்றில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மீதே ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பும்.

இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2008-ல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிப் இழுக்கும் மின்சாரத்தை அளந்தே கீலாக்கின் ரகசியச் சாவியை எடுத்துக் காட்டினார்கள். 2022-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட "ரோல்பேக்" தாக்குதலுக்கு அந்த ரகசியச் சாவிகூடத் தேவைப்படவில்லை. முன்பு பதிவு செய்த வரிசையான சில சிக்னல்களைத் திருப்பி அனுப்பியதும், சில கார்கள் "பாவம், சாவி கணக்குத் தப்பிவிட்டது போல" என்று எண்ணிப் பழைய எண்ணுக்கே திரும்பிப் போயின.

அதாவது திருடன் உள்ளே வந்தது பூட்டை உடைத்து அல்ல, மறதிக்காக விட்டுவைத்த மன்னிப்பு வழியாக. மன்னிப்பே இல்லாத பூட்டு செய்தால் ஒவ்வொரு பேட்டரி மாற்றத்துக்கும் மெக்கானிக்கைத் தேட வேண்டும். தாராளமாக மன்னிக்கும் பூட்டு செய்தால் பூட்டே தேவையில்லை. சாவி ஒரு தடவை முரண்டு பிடித்தால் எரிச்சல் வருவது சகஜம்தான். அந்த முரண்டுதான் வண்டியைக் காப்பாற்றுகிறது.