கசியவிடப்பட்ட நீர்: அல்புஜாராவின் ஸாகியாக்கள்

ஸ்பெயினின் தெற்கே நீளும் சியரா நெவாடா மலைத்தொடரின் உச்சிச் சிகரம் இன்றும் முல்ஹசேன் என்றே வழங்கப்படுகிறது. கிரனாடாவின் நஸ்ரீ சுல்தான் மவ்லாய் ஹஸனின் பெயரே அவ்வாறு மருவியது. இம்மலைத்தொடரின் தென்சரிவே அல்புஜாரா. குளிர்காலத்தில் உச்சியில் பனி உறையும். கோடையிலோ மழை அரிது. பனி உருகிப் பெருகும் வசந்த காலத்தில் வயலுக்கு அவ்வளவு நீர் தேவையில்லை. தேவைப்படும் வேளையில் அது கடலைச் சேர்ந்திருக்கும்.

இதற்கு அம்மலைவாழ் முஸ்லிம் உழவர்கள் அணை கட்டவில்லை. மலையையே நீர்த்தேக்கமாக்கினர். உயரத்திலேயே ஓடையைத் திருப்பி, சரிவின் குறுக்கே மிக மென்மையான சாய்வில் மண் வாய்க்கால் வெட்டினர். அந்நீரை வயலுக்குக் கொண்டு செல்லாமல், பிளவுகள் நிறைந்த சரிவுகளில் வேண்டுமென்றே பரவவிட்டனர். சிதைந்த பாறைப் படலத்தினூடே மெல்ல இறங்கும் நீர், வாரங்களோ மாதங்களோ கழித்துத் தாழ்விலுள்ள ஊற்றுகளில் வெளிப்படும். அவ்வாறு கோடையில் கிடைத்த நீரை வேறு வாய்க்கால்கள் ஏந்திப் படிக்கட்டு வயல்களுக்குப் பகிர்ந்தன. நீரை ஊறவிடும் இம்முறைக்கு அங்கே ‘கரேயோ’ என்று பெயர்.

வாய்க்காலைக் குறிக்கும் ‘அஸேக்கியா’ என்னும் ஸ்பானியச் சொல் அரபியின் ‘அஸ்ஸாகியா’. குளத்தைக் குறிக்கும் ‘அல்பெர்கா’ அரபியின் ‘அல்பிர்கா’. சொல் மட்டும் ஒரு தொழில்நுட்பத்தின் தோற்றத்தை நிறுவிவிடாது என்பது உண்மையே. ரோமரும் அந்நாட்டில் வாய்க்கால் வெட்டியவர்கள்தாம். ஆயினும் மிக்கேல் பார்சலோ போன்ற ஆய்வாளர்கள் காட்டியதுபோல், அந்தலூஸின் பாசன அமைப்புகளில் வாய்க்காலின் மட்டமும் வயல்களின் அடுக்கும் ஊரின் இருப்பிடமும் தொடக்கத்திலேயே ஒன்றாகத் திட்டமிடப்பட்டவை. சொல்லைக் காட்டிலும் இது வலுவான சான்று என்பது எம் கருத்து.

இதன் பின்னே ஒரு சட்ட மரபும் உண்டு. மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் ஓடைகளின் வெள்ளம் குறித்து நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். மேலிருப்பவர் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கலாம். பின்னர் கீழிருப்பவருக்கு விட்டுவிட வேண்டும். அந்தலூஸ் மாலிகீ மத்ஹபைப் பின்பற்றிய நாடு. மேலே ஊறவிடுவோர் ஓர் ஊரினர், கீழே ஊற்றில் அள்ளுவோர் மற்றோர் ஊரினர் என்றிருக்கும் நிலத்தில், இத்தகைய நீதி இல்லாவிடின் வாய்க்கால் நிலைத்திராது.

1492-இல் கிரனாடா வீழ்ந்தது. 1568-இல் அல்புஜாராவின் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான முஸ்லிம்கள், கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி 1571-இல் ஒடுக்கப்பட்டது; மக்கள் கிரனாடா நாட்டை விட்டே பெயர்க்கப்பட்டனர். வடக்கிலிருந்து கொணரப்பட்ட குடியேறிகளுக்கோ அந்நிலம் புதிது. ஆகவே அரசின் அளவையாளர்கள் ஊர் ஊராகச் சென்று, நிலவெல்லையையும் நீர்முறையையும் அறிந்த பழையவர்களை விசாரித்து எழுதிக்கொண்டனர். மொரிஸ்கோக்களும் அச்சாட்சிகளுள் இருந்தனர். ‘அப்பேயோ’ எனப்படும் அப்பதிவேடுகளில் பல ஊர்களின் நீர்முறை, முஸ்லிம்களின் காலத்து வழக்கப்படியே தொடரும் என உறுதிசெய்யப்பட்டது. மனிதரைத் துரத்தியவர்களால் அவர்களின் வாய்க்காலைத் துரத்த முடியவில்லை.

அதற்கு ஆபத்து வந்தது 20-ஆம் நூற்றாண்டில். நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர, ஆண்டுதோறும் வாய்க்காலைத் தூர்வாரக் கைகள் குறைந்தன. நவீனப் பொறியியலோ மண் வாய்க்காலின் கசிவை விரயம் என்று கணக்கிட்டு, சிமெண்ட்டும் குழாயும் பரிந்துரைத்தது. கசிவதற்கென்றே வெட்டப்பட்ட வாய்க்காலுக்கு இதைவிடப் பொருந்தாத மருந்து வேறில்லை! வாய்க்காலோர மரங்களும் தாழ்வில் உள்ள ஊற்றுகளும் அக்கசிவை நம்பியே வாழ்ந்தவை.

2014 முதல் கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஹோசே மரியா மார்டின் சிவான்டோஸ் தலைமையில், ஆய்வாளரும் மாணவரும் தன்னார்வலரும் கிராமத்தாருடன் இணைந்து கைவிடப்பட்ட ஸாகியாக்களை மீட்டு வருகின்றனர். முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று கன்யார் என்னும் சிற்றூரின் பார்ஹாஸ் வாய்க்கால். மண்வெட்டி கொண்டு கல்லும் புதரும் அகற்றப்பட்ட பின், பல்லாண்டு வறண்டு கிடந்த அவ்வாய்க்காலில் மீண்டும் பனிநீர் ஓடியது.