யானையும் கண்ணும் கூடிய எண்

மட்டாஞ்சேரியில் குடியேறிய நம்மவருள் அங்குள்ள அரண்மனையைக் காணாதார் அரியர். போர்த்துக்கீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்ததுமாகிய மாளிகை அது. சுவரோவியங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். அவ்வரச குடும்பத்து இராமவர்ம மரு தம்புரான், அகிலேசுவர ஐயருடன் கூடி 1948-இல் திருச்சூரில் பதிப்பித்த 'யுக்திபாஷை' என்னும் மலையாள உரைநடை நூலை நாம் நினைப்பதில்லை.

16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் இயற்றிய கணித நூல் அது. அவர் மரபின் மூலவர், 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமக்கிராமத்து மாதவர். அவ்வூர் இரிஞ்ஞாலக்குடா என்பர் பலர். அங்குள்ள கோயிலின் பெயர் கூடல்மாணிக்கம். சங்கமம் என்பதும் கூடல் என்பதும் ஒரு பொருளனவே அல்லவா?

மாதவர் கூறியதாக வழங்கும் எண் ஒன்றைக் காண்போம். வட்டத்தின் விட்டம் ஒன்பது நிகர்வம், அதாவது 90,000 கோடி எனின், சுற்றளவு 28,27,43,33,88,233 ஆம். இதனை அவர் இலக்கமாக எழுதவில்லை. தேவர் முப்பத்துமூவர், கண் இரண்டு, திசையானை எட்டு, நாகம் எட்டு, தீ மூன்று, வேதம் நான்கு, விண்மீன் இருபத்தேழு என்று பொருட்பெயர்களைக் கோத்துச் செய்யுளாக்கினார். ஒன்றாமிடத்திலிருந்து இடப்புறமாக எழுதிச் சென்றால் எண் கிடைக்கும். ஏட்டில் ஓர் இலக்கம் சிதைந்தால் எவரும் அறியார். செய்யுளில் ஒரு சொல் பிழைத்தால் யாப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வெண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. இலக்கங்களின் கூட்டுத்தொகை 56. ஆதலின் 3-ஆல் வகுபடாது. 3-இல் முடிவதால் 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. விட்டமோ 2, 3, 5 என்னும் பகா எண்களாலேயே ஆனது. எனவே இவ்விகிதத்தைச் சுருக்கி எழுத வழியே இல்லை.

நுட்பம் எத்தகையது? அலகை அடி என்று கொண்டால், உண்மைச் சுற்றளவினும் ஏறத்தாழ 2 அடியே மிகும். பள்ளியில் நாம் பயின்ற 22/7 கொண்டு கணக்கிட்டாலோ, பிழை ஏறத்தாழ 114 கோடி அடி!

எனினும் பெருமையை அளந்தே பேசவேண்டும். சமர்கண்டில் அல்-காஷி 1424-இல் இதனினும் நுண்ணிய மதிப்பைக் கண்டுவிட்டார். மாதவரின் தனிச்சிறப்பு எண்ணில் இல்லை, வழியில் உள்ளது என்பதே நம் கருத்து. ஒன்றில் மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் சென்றால், விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தின் காற்பங்கு கிடைக்கும். ஐரோப்பாவில் லைப்னிட்சு இதனைக் கண்டது 1673-இல். ஆனால் இத்தொடர் மிக மெதுவாக நடப்பது. நூறு உறுப்புகள் சென்ற பின்னும் இரண்டாம் தசமமே தவறாயிருக்கும். ஆகவே இடையில் நிறுத்திச் சேர்க்கவேண்டிய திருத்தத்தையும் இம்மரபினர் வகுத்தனர்.

சார்லசு விஷ் என்னும் ஆங்கில அதிகாரி இவற்றை 1834-இல் வெளியிட்டார். உலகம் நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை. வடமொழி நூல்கள் பல முடிவை மட்டும் கூறிச் செல்ல, யுக்திபாஷை காரணங்களையும் நாட்டுமொழியில் விளக்குகிறது. மலையாள எழுத்தறிந்த நம் இளைஞர் நூலகத்தில் அதனைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.